ஊசி படாத சேவல்கள்

மாசி 2

கோழி ஊசி மருந்தும் ஐஸும் போட்ட பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குத் தெருவில் இறங்கினேன். ஒரு வீட்டிலும் கோழி இல்லை. எல்லாம் குப்பைமேட்டிலும் வறண்ட கண்மாய்க்குள்ளும் மேய்ந்துகொண்டிருந்தன. பஞ்சவர்ணம் அத்தை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஏத்தா கோகிலவாணி, கோழியெல்லாம் வேலைக்குப் போயிருச்சே. சாயங்காலந்தான் வரும். இருந்து பாத்துட்டுப் போறியா?"

தெருவே சிரித்தது. கோழி அடைக்கும் பஞ்சாரத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால் போனால்தான் கோழி கைக்கு அகப்படும் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். பிளாஸ்க்கைத் தோளில் மாட்டியதும் எப்படியோ மறந்துபோனது.

கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முழுப் புட்டியையும் குழி தோண்டிக் கொட்டினேன்.

மாசி 5

பால்வாடியில் கூட்டம். எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த ஜெயசீலன் சார் உழவர் கூட்டமைப்பிலிருந்து வந்திருந்தார். நான் பேச வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். எழுதி வைத்துப் பாடமும் செய்திருந்தேன். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது, நெல் எல்லாம் வைக்கோலாகப் போய்விட்டது, அரை ஏக்கர் ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த மழை வரைக்கும் கோழிதான் துணை, வெயில் ஏறினால் வெள்ளைக் கழிச்சல் வரும், அதற்குள் எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டுவிட வேண்டும். இவ்வளவுதான். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன்.

சார் எனக்காகப் பேசினார். அவர் பேசியது பத்திரிகையில் படிப்பது போல இருந்தது. ராக்கு சித்தி கொட்டாவி விட்டாள்.

"பேரைப் பாரு, கோகிலவாணியாம். தொண்டையத் தொறந்தா காசா கேக்குறாக?" என்றாள் பஞ்சவர்ணம் அத்தை, என் காதுபட.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "பேசுனியா?"

"ம்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

மாசி 9

கிழக்கு வெளுப்பதற்குள் கிளம்பினேன். வீடு வீடாகப் பஞ்சாரத்தைத் தூக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, இறக்கையை விரித்து, தோலுக்கு அடியில் ஊசி. முதல் வீட்டில் இரண்டு கோழி கையை விட்டு நழுவியது. நாலாவது வீட்டில் ஒன்றுகூட நழுவவில்லை. கோழிகளிடம் எனக்குக் கூச்சம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் பாக்கி இருக்கிறது. ஊர் முழுக்கச் சேவல்கள் திரிகின்றன, ஊர்ச் சாமி முனியையாவுக்கு நேர்ந்துவிட்டவை. பங்குனிப் பொங்கலுக்கு அறுக்கும் வரை அவற்றை யாரும் பிடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. யார் வீட்டு வாசலிலும் தின்னும், எந்த மரத்திலும் அடையும். ஒரு சொட்டு ரத்தம் வந்துவிட்டால் சாமிக்கு ஆகாது. ஊசி என்றால் ரத்தம்.

ராக்கு சித்தி வீட்டுக் கூரையில் அவளுடைய கருஞ்சேவல் நின்றது. அதைக் காட்டிக் கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அவரையா? வாயக் கழுவுடி."

அவரை. நேர்ந்துவிட்ட பிறகு சேவல் அவர் ஆகிவிடுகிறது.

மாசி 11

எங்கள் வீட்டிலும் ஓர் அவர் உண்டு. செவலை. கழுத்து மயிர் வெயிலில் செம்புக் கம்பி மாதிரி மின்னும். காலையில் அம்மா "வந்துட்டீகளா" என்று கேட்டுக்கொண்டே கம்பு போடுவாள். அப்பா திருப்பூரிலிருந்து வந்தால்கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

எதற்காக நேர்ந்தாள் என்று சொல்ல மாட்டாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதாம். ஆனால் எனக்குத் தெரியும். போன ஆவணியில் மதுரைக்கு ஒரு நேர்காணலுக்குப் போய், என் பெயரைக் கேட்டதற்கே பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேனே, அந்த வாரம்தான் தரகர் ஜாதகம் வாங்கிப் போனார். அந்த வாரம்தான் செவலைக் குஞ்சின் காலில் மஞ்சள் நூல் ஏறியது. கல்யாணத்துக்குத்தான். வேறு எதற்கு இருக்கும்?

மாசி 15

பூசாரிப் பெரியப்பாவிடம் கேட்கப் போனேன். கோயில் வாசல் வரைக்கும் போனேன்.

மாசி 16

இன்று கேட்டேவிட்டேன். சாமி சேவல்களுக்கும் ஊசி போடலாமா என்று. அவர் கோபப்படவில்லை. "சாமிக்கு விட்டதைச் சாமி பாத்துக்கும்த்தா. நீ மத்ததப் பாரு" என்றார். திருநீறு வைத்துவிட்டார். நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். நோய்க்கு நேர்ந்தது நேராதது தெரியாது, சாமி சேவல் எல்லா வாசலிலும் கால் வைக்கிறது, ஊசி போடும் வயது வராத குஞ்சுகளோடு சேர்ந்துதான் கொத்தித் தின்கிறது என்பதெல்லாம் திரும்பி வரும் வழியில்தான் அழகாக, வரிசையாக, வார்த்தை பிசகாமல் வந்தது. பனைமரங்களுக்குச் சொன்னேன்.

மாசி 19

கீழத்தெருவுக்கு ஊசி போட்டு முடித்தேன். மீதி மருந்தை இன்று கொட்டவில்லை. கையில் கீறல். எழுத வேறு ஒன்றுமில்லை.

மாசி 20

"கையில என்னடி?" என்றாள் அம்மா.

"வேலிமுள்."

"வேலிமுள்ளு மூணு கோடா இழுக்குமா?"

தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். இன்று மூன்று நடை எடுத்தேன். குடம், அண்டா, தொட்டி எல்லாம் நிறைந்த பிறகும் உட்கார முடியவில்லை.

செவலை இரண்டு நாளாக என்னைக் கண்டால் முருங்கைமரத்தில் ஏறிக்கொள்கிறது.

பங்குனி 3

பக்கத்து ஊர் மேலவலசையில் கோழிச்சீக்கு வந்துவிட்டது. ஒரே வாரத்தில் கொத்துக் கொத்தாகப் போயிற்றாம். மிஞ்சியதைச் சாக்கில் கட்டி வியாழச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் மலிவு என்று வாங்கி வந்திருக்கிறார்கள்.

யார் வாங்கியது என்று வீடு வீடாகக் கேட்டேன். யாரும் வாங்கவில்லையாம். பஞ்சவர்ணம் அத்தை வீட்டுப் பஞ்சாரத்துக்குள் முந்தாநாள் வரை இல்லாத சாம்பல் நிறக் கோழி ஒன்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"இது எங்க கோழிதான். வெயில்ல நெறம் மாறிருச்சு" என்றாள்.

பங்குனி 6

சாம்பல் கோழி செத்துவிட்டது. அத்தை அதைக் கண்மாய்க்குள் எறிந்துவிட்டாள். நான் போய்ப் பொறுக்கி, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினேன். அதற்குள் அந்த இடத்தில் இரண்டு சாமி சேவல்கள் கிளறிக்கொண்டிருந்தன. விரட்டினேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "சாமி சேவல விரட்டுறா பாரு படிச்ச புள்ள" என்றார்.

பங்குனி 10

வந்துவிட்டது.

முதலில் குஞ்சுகள். பிறகு நேர்ந்துவிட்டவை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், தொங்கிய இறக்கை, முறுக்கிக்கொண்ட கழுத்து. பூசாரி வீட்டு வெள்ளைச் சேவல் கோயில் வாசலிலேயே வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி விழுந்தது. ஊசி போட்ட கோழிகளில் ஒன்றிரண்டு சோர்ந்து எழுந்தன. மற்றவை நடமாடுகின்றன.

சாரிடம் போனில் சொன்னேன். "வெரி குட், தடுப்பூசி வேலை செஞ்சிருக்கு, போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றார். சாமி சேவல்களைப் பற்றிச் சொன்னேன். "அது அவங்க நம்பிக்கை, நாம தலையிட வேண்டாம்" என்றார். குழி வெட்டிய மண் நகக்கண்ணுக்குள் இருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை.

பங்குனி 14

ராக்கு சித்தியின் கருஞ்சேவல் செத்துவிட்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் செல்விக்கு ஏழு வருடம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது. சித்திரையில் பிரசவம். அதற்கு நேர்ந்த சேவல்.

"சாமி என்னய வேணாம்னுருச்சுடி" என்றாள்.

"அப்படி இல்ல சித்தி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. சீக்கு சித்தி, ஊசி போடாததால் சித்தி, வேறு ஒன்றும் இல்லை சித்தி. இவ்வளவு சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் உங்கள் வீட்டுச் செவலை எப்படி நிற்கிறது?

பங்குனி 17

ஊரில் சாமி சேவலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. எங்கள் செவலை.

குப்பைமேட்டில் ஏறி நின்று கூவுகிறது. மற்றச் சேவல்களின் குரல் இல்லாததால் ஊர் முழுக்க அது ஒன்றுதான் கேட்கிறது. அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பூசாரிப் பெரியப்பா வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். "சொர்ணம், ஒம் வேண்டுதலத்தான் சாமி எடுத்துக்கிட்டாரு" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பஞ்சவர்ணம் அத்தை சொன்னாள்: "அடுத்த வருசம் ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம், எல்லாக் கோழியையும் சாமிக்கே நேந்துவிட்டுர வேண்டியதுதான்."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, யோசித்தார்கள். 

பங்குனி 19

சித்தி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். செல்வியை நம்மூர் எல்லைக்குள் வரவே வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாளாம், சாமி கோபமாக இருக்கிறது என்று. முதல் பிரசவம். புருஷன் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று ஒரு தாய் சொல்கிறாள்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மாசி 19. கீழத்தெரு முடித்து வந்தபோது புட்டியில் மருந்து மிச்சம் இருந்தது. செவலை கொல்லைச் சுவரில், என் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. அம்மா பால் ஊற்றப் போயிருந்தாள். பிடித்தேன், போட்டேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பாவாடையால் துடைத்தேன். அவ்வளவுதான். சாமி பார்த்துக்கொள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டேன்.

பங்குனி 22

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குச் சந்தோஷம். பூசாரிக்குச் சந்தோஷம். அடுத்த மாசியில் நான் பிளாஸ்க்கோடு போகும்போது எல்லா வாசலிலும் காலில் மஞ்சள் நூல் கட்டிய கோழிகள் நிற்கும்.

சொன்னால் அம்மாவின் சேவல் தீட்டு.

கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன். "என்னடி, காலுல சக்கரம் கட்டிருக்கியா?" என்கிறாள் அம்மா. அவள் என்னைக் கூர்ந்து பார்ப்பது போல இருக்கிறது. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

பங்குனி 25

பொங்கல் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

வழக்கமாகக் கோயில் முன்னால் சேவல் வரிசையாக நிற்கும். இன்று செவலை ஒன்றுதான். அம்மா மாலை போட்டு இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். ஊரே வழிவிட்டது. ராக்கு சித்தி கூட்டத்துக்குள் வரவில்லை. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் தனியாக நின்றாள். தீட்டுக்காரி மாதிரி.

பூசாரிப் பெரியப்பா செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்தார். தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் சேவல் உடம்பைக் குலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். செம்பு மேலே போனது.

"பெரியப்பா" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. புளியமரத்தடியைப் பார்த்தேன்.

"பெரியப்பா, ஊத்தாதீக!"

இது கேட்டது. மேளம்கூட நின்றது. எல்லா முகமும் திரும்பியது. இந்தத் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"இந்தச் சேவலுக்கு நான் ஊசி போட்டேன். மாசி மாசமே போட்டுட்டேன். ரத்தமும் வந்துச்சு. அதுனாலதான் இது பொழைச்சுச்சு. மத்ததுக்குப் போடல, அதுனாலதான் செத்துச்சு. சாமி யாரையும் வேணாம்னு சொல்லல. யாரு வேண்டுதலையும் தள்ளல. அது சீக்கு. வெறுஞ்சீக்கு."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "இவளுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்" என்று ஒரு குரல். "படிக்க வச்சா இதான்" என்று ஒரு குரல். பூசாரி செம்பைக் கீழே வைத்துவிட்டார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

ராக்கு சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் தோளைப் பிடித்தாள்.

"அப்ப எஞ்சேவல சாமி தள்ளல?"

"இல்ல சித்தி."

"ஊசி போட்டுருந்தா இருந்துருக்கும்?"

"இருந்துருக்கும்."

அவள் முகம் தெளிந்தது. ஒரு நொடிதான். பிறகு என் தோளில் பலமாக ஓர் அடி விழுந்தது.

"ஒங்காத்தா சேவலுக்கு மட்டும் திருட்டுத்தனமாப் போட்டியே, எஞ்சேவலுக்கு ஏன்டி போடல?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகி வரவில்லை. எல்லாரிடமும் திட்டு வாங்க யோசித்து வைத்திருந்தேன். இதை யோசிக்கவில்லை.

"பயமா இருந்துச்சு சித்தி" என்றேன். "ஒங்ககிட்டச் சத்தமாக் கேட்டுருக்கணும். கேக்கல."

அவள் என்னை விடவும் இல்லை, மறுபடி அடிக்கவும் இல்லை. தோளைப் பிடித்தபடியே நின்றாள்.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. "பூசாரியண்ணே, தண்ணிய ஊத்துங்க."

"சொர்ணம், ரத்தம் பட்டது..."

"சாமியவே கேப்பம். வேணாம்னா அவரு சொல்லட்டும்."

பூசாரி யோசித்துவிட்டுச் செம்பை மறுபடி எடுத்தார். ஊற்றினார். செவலை தலையைத் தாழ்த்தியது. மஞ்சள் தண்ணீர் அலகு வழியாகச் சொட்டியது. ஒன்றும் நடக்கவில்லை.  திடீரென்று உடம்பு முழுக்க மயிரைச் சிலுப்பி உலுக்கியது பாருங்கள், பூசாரி முகத்திலும் என் முகத்திலும் பஞ்சவர்ணம் அத்தையின் புதுச் சேலையிலும் மஞ்சள் தெறித்தது.

குலவைச் சத்தம் கேட்டது. முதலில் தொடங்கியது ராக்கு சித்தி.

"தண்ணிய ஊத்துனா கோழி சிலுப்பத்தான செய்யும்" என்றாள் அத்தை, சேலையைப் பார்த்துக்கொண்டே. ஆனால் அவளும் குலவை விட்டாள்.

சாயங்காலம் குழம்பு கொதித்தது. நான் அடுப்பருகே போகவில்லை. அம்மாவே கூப்பிட்டாள்.

"பாவாடையில ரத்தக்கறை இருந்துச்சு. அன்னைக்கே தொவைக்கையில பாத்தேன்" என்றாள். "ரெக்கையவும் பாத்தேன்."



"அப்பறம் ஏன்ம்மா ஊர் முன்னாடி தூக்கிக்கிட்டு வந்தே?"

"நான் நேந்துக்கிட்டது எதுக்குன்னு நெனச்சே? கல்யாணத்துக்கா?" கரண்டியால் குழம்பைக் கிண்டினாள். "மதுரையில இருந்து அழுதுக்கிட்டு வந்தியே. எம்மக நாலு பேரு முன்னாடி வாயத் தொறந்து பேசணும் முனியையான்னுதான் நேந்தேன். நீ வந்து சொல்லுவியா மாட்டியான்னு காலையில இருந்து ஒம் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்டி. நீயாச் சொல்லணும்ல. நான் சொன்னா வேண்டுதல் என்னத்துக்கு?"

என் இலையில் ஒரு துண்டை வைத்தாள். இறக்கை.

"நீ குத்துன ரெக்கை. நீயே தின்னு."

சித்திரை 4

பூசாரிப் பெரியப்பா என்னோடு இன்னும் பேசவில்லை. நாளைக்கு மறுபடியும் போய் நிற்கப் போகிறேன்.

இன்று விடியும்போதே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ராக்கு சித்தி. அக்குளில் ஓர் இளஞ்சேவல், கழுத்தில் பொன்னிறமாக இப்போதுதான் மயிர் ஏறுகிறது. மஞ்சள் நூல் இடுப்பில் சொருகியிருந்தது. இன்னும் கட்டவில்லை.

"செல்வி நேத்து வந்துட்டா. உள்ள படுத்துருக்கா. இந்தா, மொதல்ல ஊசியப் போடு. அதுக்குப் பெறகு நேந்துக்கிறேன். நேந்துக்கிறதுக்கு முந்தி குத்துனா யாருக்கும் தீட்டு இல்லைல?"

இதை ஏன் நானோ சாரோ யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தேன். தெருமுனையில் இன்னும் மூன்று பேர் கோழியோடு நின்றார்கள். ஒருத்தி பஞ்சவர்ணம் அத்தை, எதேச்சையாக அந்தப் பக்கம் வந்தவள் போல.

மருந்து கையில் இல்லை. ஐஸும் இல்லை. முதல் பஸ்ஸில் போய் வாங்கி வர வேண்டும். சொன்னேன்.

"என்னடி முணுமுணுக்குறே? அங்குன நிக்கிறவளுகளுக்குக் கேக்க வேணாமா?"

தெருவில் இறங்கி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நாளைக்கு விடியக்காலம் வாரேன். எவளும் பஞ்சாரத்தத் தொறந்துறாதீக!"